ஒன்பது வோல்ட்

அக்கா புருஷனுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவுமே இல்லை. ஜுரத்துக்கு எந்த மாத்திரை, பல்வலிக்கு எந்தப் பக்கம் படுக்க வேண்டும், விமானம் ஏன் கீழே விழுவதில்லை, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருக்கும். கேட்கக்கூட வேண்டாம், பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். அவருடைய அம்மா நடத்தும் சலவை ஆலையில் 'தொழில்நுட்பத் தலைவர்' என்று கதவில் பலகை மாட்டிக்கொண்டு ஒரு தனி அறையில் இருந்தார். ஆலைக்காரர்கள் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பாராட்டு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மச்சினி மோட்டார்களை ஓட்டும் மின்பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்பவள். தோளில் எப்போதும் ஒரு மீட்டர் தொங்குவதால் அங்கே எல்லாருக்கும் அவள் மீட்டரக்கா. பதினெட்டு வருஷமாக மாமாவின் பேச்சைக் கேட்டு வருகிறாள். முதல் இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டாள். அதன் பிறகு, அவர் வாயைத் திறந்ததும் எங்கே தப்பு வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதையே பொழுதுபோக்காக வைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"ஒரு நடை ஆலைக்கு வந்துட்டுப் போடி. பெரிய டிரம் ஓடி மூணு நாளாச்சு. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் மலையாக் கெடக்கு. அங்க ஆபரேஷனைத் தள்ளிவைக்கறாங்களாம்."

"மாமா கூப்பிடச் சொன்னாரா?"

"அவர் எங்க சொல்லுவார். என்னைப் பார்க்க வந்த மாதிரி வா."

"மீட்டரைத் தூக்கிக்கிட்டு உன்னைப் பார்க்க வர்றேனா?"

"பையில போட்டுக்க."

ஆலை வாசலில், மதில் ஓரத்து பெஞ்சில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெரிய டிரம்மை ஓட்டும் ஆபரேட்டரம்மா. மீட்டரக்காவுக்கு அவளை முகத்தளவில் தெரியும்.

"ஏம்மா வெளிய உட்கார்ந்திருக்கீங்க?"

"விசாரணை முடியற வரைக்கும் உள்ள வரக் கூடாதுன்னு கடுதாசி குடுத்திருக்காங்க. வாசல்ல உட்காரக் கூடாதுன்னு அதுல போடலை. நாளைக்கு நான் வேலைக்கே வரலைன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

கடுதாசியை எடுத்துக் காட்டினாள். வேண்டுமென்றே டிரம்மில் அளவுக்கு மீறித் துணி ஏற்றி, மின்பெட்டியின் பாகங்களை நான்கு முறை எரியச் செய்தார் என்று இருந்தது. கீழே மாமாவின் கையெழுத்து, ஒரு நீளமான வால் வைத்து.

"ஏத்தினீங்களா?"

"ஒவ்வொரு லோடும் எடை போட்டுத்தான் ஏத்தறேன். பதினோரு வருஷமா. கடைசி தடவை வெடிச்சப்போ பெட்டி மூடி பறந்து என் தலைக்கு மேல போச்சு. அந்தப் புகை மூஞ்சியோட நிக்கறேன், உங்க மாமா வந்து, 'எவ்வளவு போட்டே'ங்கறார். அடி பட்டுச்சான்னு கேட்கலை."

"வெடிக்கறதுக்கு முன்னாடி பெட்டியில ஏதாவது காட்டுச்சா?"

"ஒரு வாரம் தினமும் காலையில சிவப்பா ஒரு நம்பர் வரும். ஸ்டார்ட் ஆகாது. நாலஞ்சு தடவை அணைச்சு அணைச்சுப் போட்டா ஓடும். அப்புறம் உங்க மாமா வந்து அரை மணி நேரம் உள்ள கையை விட்டுட்டு, சரி பண்ணிட்டேன்னார். அதுக்கப்புறம் நம்பர் வரவே இல்லை."

"அப்புறம்?"

"அப்புறம் வெடிக்க ஆரம்பிச்சுது."

மாமா அறையின் மேஜையில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் மாட்யூல்களில் எரிந்துபோன நான்கையும் கோப்பை வாங்கியவர் கோப்பையை வைப்பதுபோல வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் அவருடைய லேபிள் மெஷினில் அடித்த சீட்டு: மாதிரி 1, மாதிரி 2. முதல் இரண்டும் சோப்புக்கட்டி அளவு. மூன்றாவது அதைவிடப் பெரிது. நான்காவது செங்கல் போல இருந்தது. அதைப் பொருத்துவதற்காகப் பெட்டிக்குள் புதிதாகத் துளைகூடப் போட்டிருந்தார்.

"அக்காவைப் பார்க்க வந்தியா? உட்காரு, உட்காரு. உனக்கும் இது உபயோகப்படும்," என்று ஆரம்பித்தார். "பழைய டிரான்சிஸ்டருக்கு கரன்ட்டை ஊட்டிக்கிட்டே இருக்கணும். இது அப்படி இல்ல. மூணாவது கால் இருக்கு பாரு, கேட். அதுல வோல்டேஜைக் காட்டினா போதும், ஸ்விட்ச் திறந்துக்கும். ஒரு சொட்டு கரன்ட் சாப்பிடாது. அதனால எவ்வளவு பெரிய மாட்யூல் போட்டாலும் கேட்டை ஓட்ட அதே பழைய போர்டு போதும். ஆனா அந்தம்மா ஏத்தற பாரத்துக்கு எந்த மாட்யூல் தாங்கும், சொல்லு."

மீட்டரக்கா மனசுக்குள் கணக்கெடுத்தாள். டிரான்சிஸ்டர் சரி. மூன்றாவது கால் சரி. வோல்டேஜ் சரி. 'ஒரு சொட்டு'க்கு வந்ததும் மனிதர் நேராகக் குழிக்குள் இறங்கிவிட்டார். புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் ஒரு பக்கத்திலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறவருக்கு அடுத்த பக்கம் எதற்கு?

கேட்டுக்கும் கீழே இருக்கும் சிலிக்கானுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசில் ஒரு கண்ணாடிப் படலம் இருக்கிறது. அதன் வழியே மின்சாரம் போகாது. கேட்டில் ஏறும் வோல்டேஜின் இழுப்பு மட்டும் படலத்தைத் தாண்டிக் கீழே எட்டும். அந்த இழுப்பில் அடியில் ஒரு வழி உண்டாகி, இரண்டு தடித்த முனைகளுக்கு இடையே பெரிய மின்சாரம் பாயும். திறந்தபடியே வைத்திருக்க கேட்டுக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் திறக்கும்போது அதை நிரப்ப வேண்டும், மூடும்போது காலி செய்ய வேண்டும். மோட்டாரை ஓட்டும் பெட்டியில் இது ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. பெரிய மாட்யூலுக்குக் கேட்டும் பெரிது. நிரப்புவதற்கு நிறைய வேண்டும்.

"பெட்டியை ஒரு தடவை பார்க்கட்டுமா மாமா?"

"பாரேன். உனக்கும் அனுபவம்," என்றார் பெருந்தன்மையாக.

சலவைக்கூடம் காய்ந்த துணியின் சூட்டில் தகித்தது. பீரோ அளவு இருந்த மின்பெட்டியின் மெயினை இறக்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகு டார்ச்சை அடித்தாள். கேட்டுகளை ஓட்டும் சின்ன போர்டிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மேலே போக வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் பெட்டியை நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை ஒயர் அது. அது பாதியில் வெட்டப்பட்டிருந்தது. மேல் முனையில் எப்போதும் 'எல்லாம் சரி' என்றே சொல்லும்படி ஒரு துண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கியிருந்தது. வெட்டுண்ட கீழ் முனையை அழகாக மடித்து, டேப் சுற்றி, அதன் மேலும் ஒரு லேபிள்: தேவையில்லாதது.

இத்தனை வருஷ வேலையில் வெட்டிய ஒயர்களை எத்தனையோ பார்த்திருக்கிறாள். வெட்டிவிட்டு அதற்குப் பெயர்ப்பலகையும் வைத்தவர் இவர் ஒருவர்தான்.

சின்ன போர்டில் கட்டைவிரல் நகமளவு இருந்த, கேட்டை நிரப்ப மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. கூடத்துச் சூட்டில் உள்ளே இருந்த திரவம் வற்றிப்போயிருந்தது. எரிந்த செங்கல்லை மாமாவின் மேஜையிலிருந்து எடுத்து வந்து, எரியாமல் மிச்சமிருந்த ஒரு கேட்டை மட்டும் போர்டோடு கோத்து, போர்டுக்கு மட்டும் கரன்ட் கொடுத்து, வோல்டேஜைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பைப் பையிலிருந்து எடுத்து மாட்டினாள். நிமிர்ந்து பதினைந்து வோல்ட்டுக்கு ஏற வேண்டிய கோடு, மாடிப்படி ஏறும் மூட்டுவலிக்காரர் மாதிரி சரிந்து சரிந்து ஏறி ஒன்பதில் நின்றுவிட்டது.

ஒன்பது வோல்ட்டில் ஸ்விட்ச் பாதிதான் திறக்கும். மூடியிருந்தால் மின்சாரம் ஓடாது, சூடும் இல்லை. முழுசாகத் திறந்தால் தடங்கல் இல்லை, சூடும் கொஞ்சம்தான். பாதியில் நின்றால் அத்தனை மின்சாரமும் அந்த இடுக்கில் முட்டி மோதி சூடாகும். கடைசியில் வெடிக்கும். பெரிய மாட்யூல் போடப் போட இன்னும் மெதுவாக ஏறும், இன்னும் சீக்கிரம் வெடிக்கும். முதலாவது ஒன்பது நாள் ஓடியது, நான்காவது ஒரு காலை வேளையைக்கூடத் தாண்டவில்லை. ஆபரேட்டரம்மா துணிக்குப் பதில் கைக்குட்டை போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

அக்கா அவளைத் துணி அனுப்பும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னடி ஆச்சு?"

சொன்னாள். அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள்.

"ஒயர் விஷயத்தை மட்டும் அத்தைகிட்ட சொல்லிடாதே. வேற ஏதாவது சொல்லிச் சரி பண்ணிக் குடுத்துடு. அவர் மானம் போயிடும். உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன்."

"வாசல்ல ஒருத்தி மூணு நாளா உட்கார்ந்திருக்காக்கா. அவளுக்கு மானம் இல்லையா?"

"தெரியும்டி. இருந்தாலும்."

"இருந்தாலும் என்ன?"

அக்கா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மீட்டரக்காவுக்கு அவள் மேலும் வெறுப்பாக வந்தது. புருஷன் செய்யும் ஒவ்வொரு கூத்துக்கும் பின்னாலேயே போய்த் துடைத்துக்கொண்டிருக்கிறாளே என்று.

மாமாவின் அம்மா, ஆலையின் முதலாளியம்மா, பதினொரு மணிக்குக் கூடத்துக்கு வந்தாள். இரண்டு தொட்டியும் ஒரு கரி அடுப்பும் வைத்துத் தொழிலை ஆரம்பித்தவள். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது, ஆனால் ஆலையில் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று தெரியும். மாமாவும் பின்னாலேயே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றாள்.

"உங்க நீராவி வால்வை எது திறக்குது அத்தை?"

"காத்து. கம்ப்ரசர் காத்து மேல அழுத்தும், வால்வு திறக்கும்."

"அந்தக் காத்து நீராவியோட கலக்குமா?"

"நடுவுல ரப்பர் தகடு இருக்கே, எப்படிக் கலக்கும்?"

"இதுவும் அப்படித்தான். நடுவுல கண்ணாடித் தகடு. வோல்டேஜ்தான் காத்து. அது பதினைஞ்சு வரணும், ஒன்பதுதான் வருது."

முதலாளியம்மா பெட்டியைப் பார்த்தாள். "காத்து பத்தலை. வால்வு பாதியில நிக்குது. அது உட்கார்ற இடம் அரிச்சுப்போகுது," என்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "இதுல நீ பெரிய பெரிய வால்வா வாங்கி மாட்டியிருக்கே. அதே சின்னக் குழாயை வெச்சுக்கிட்டு."

முப்பது வினாடி. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்ட கிழவிக்கு முப்பது வினாடி போதுமாக இருந்தது. பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம் போட்டுக்கொள்ளும் மகனுக்கு ஐந்து வாரமும் நான்கு மாட்யூலும் போதவில்லை.

"காத்து குறைஞ்சா மணி அடிக்குமே. இதுல அந்த மாதிரி ஒண்ணும் கிடையாதா?" என்று முதலாளியம்மா கேட்டாள்.

மீட்டரக்கா டார்ச்சை லேபிள் மேல் அடித்தாள். முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது.

மாமா தொண்டையைச் செருமினார். "அம்மா, கேட் வோல்டேஜ் முக்கியம்னு நான் முதல்லேருந்தே சொல்லிக்கிட்டு வர்றேன். இப்ப இவளும் அதைத்தான் சொல்றா."

மீட்டரக்காவுக்கு உச்சி வரை ஏறியது. பதில் சொல்லிப் பயனில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். கெப்பாசிட்டர்கள் பையிலேயே இருந்தன, மாற்றினாள். எச்சரிக்கை ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்தாள். ஆலைக் கையிருப்பில் பழைய அளவு மாட்யூல் ஒன்றே ஒன்று இருந்தது. மணிக்கட்டில் மாட்டியிருந்த பட்டையை, அதாவது உடம்பில் சேரும் மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் ஒயர்ப் பட்டையை, ஸ்பேனரை எடுக்கப் போகும்போது கழற்றினாள். மாமா பின்னால் நின்று யாருக்கோ கேட் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் காதில் விழ விழ, திரும்பி வந்தவள் பட்டையை மறந்தாள். அப்போதுதான் டிரையரிலிருந்து வந்த கம்பளி வண்டி ஒன்று குறுக்கே நின்றது. அதை இடுப்பால் தள்ளிவிட்டு, பாதுகாப்புக் கவரைப் பிரித்து, மாட்யூலைக் கேட் கால் பக்கமாகவே பிடித்துத் தூக்கினாள்.

விரல் நுனியில் சுள்ளென்றது. மெல்லிசாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். கண்ணாடிப் படலம் பொத்துக்கொண்டு கேட் உள்ளே ஒட்டிவிட்டது. காய்ந்த கம்பளியில் உரசி உடம்பில் ஏறியது ஆயிரக்கணக்கான வோல்ட். இருபது முப்பது தாங்கும் படலம் அதற்கு எம்மாத்திரம்? வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. பேசாமல் மாட்டிவிட்டு, அதுவும் எரிந்ததும் மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் எழுந்து நின்றாள்.

"அத்தை, இந்த மாட்யூலை நான் கெடுத்துட்டேன். பட்டை மாட்டாம தொட்டேன். என் தப்பு."

மாமாவின் முகம் பல்பு போட்ட மாதிரி ஆனது. "நான் ஒண்ணும் சொல்லலை. இது எல்லாருக்கும் நடக்கறதுதான். இதுக்காக யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது, என்ன?" என்றார். வார்த்தைக்கு வார்த்தை தேன் சொட்டியது.

அவள் தன்னையே நொந்துகொண்டு பட்டறைக்குப் போய், அங்கே இருந்த மாட்யூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்குத் திரும்பினாள். இந்தத் தடவை பட்டையைக் கழற்றவே இல்லை. மாட்டி முடித்து, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்காமல், ஆறு கேட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோடு சுவர் மாதிரி நிமிர்ந்து பதினைந்தில் நின்றது.

பிறகு ஸ்பேனரைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, கவிழ்த்துப்போட்ட ஒரு வாளி மேல் உட்கார்ந்தாள்.

"என்ன, மெயினை ஏத்தலாமா?" என்றார் மாமா.

"மூடி போடணும். ஒரு கடுதாசி வந்ததும் போடறேன்."

"என்ன கடுதாசி?"

"வாசல்ல இருக்கறவங்களுக்கு."

மாமா அம்மாவைப் பார்த்தார். முதலாளியம்மா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அறைக்குப் போய் ஒரு தாளோடு வந்தார். 'சில தொழில்நுட்பக் காரணங்களை முன்னிட்டு, தாங்கள் மீண்டும் பணிக்குத் திரும்ப அனுமதிக்கப்படுகிறீர்கள்.'

மீட்டரக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அனுமதி இல்ல மாமா. யார் தப்புன்னு எழுதணும்."

"குடும்பத்துக்குள்ள இதெல்லாம்..."

"அவங்க குடும்பம் இல்லையே. நான் முதல்ல எழுதறேன், குடுங்க." தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதினாள்: ஐந்தாவது மாட்யூல் என் கவனக்குறைவால் கெட்டது. கையெழுத்தும் போட்டாள். "இப்ப முதல் நாலுக்கு நீங்க."

"ஆஸ்பத்திரியில ஆள் காத்துக்கிட்டிருக்கான். எழுதுடா," என்றாள் முதலாளியம்மா. குரலை உயர்த்தவே இல்லை.

எழுதினார். பாரம் காரணமல்ல என்றும், எச்சரிக்கை ஒயரைத் தான் துண்டித்ததே காரணம் என்றும். இந்தத் தடவை கையெழுத்தில் வால் இல்லை.

ஆபரேட்டரம்மா உள்ளே வந்து, நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "துண்டிச்சதுக்கு ரெண்டு சுழி 'ன' போட்டிருக்கீங்க, மூணு சுழி வரும்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு துணியை வண்டியில் ஏற்றி எடை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். டிரம் சுற்ற ஆரம்பித்தபோது மணி மூன்றே கால்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் அக்கா போன் செய்யவில்லை. எட்டாவது வாரம் அக்கா மகளின் பிறந்தநாளுக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக் கூடத்தின் நடுவில் மாமா விருந்தாளிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகடு, நிரப்புவது, காலி செய்வது, பாதி திறந்தால் சூடு. தான் எப்படி அதைக் கண்டுபிடித்தார் என்றும் சொன்னார். மீட்டரக்கா தட்டை வைத்துக்கொண்டு வழக்கம்போலத் தப்புக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. எல்லாம் சரியாகச் சொன்னார். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது அக்கா செருப்பு அலமாரி வரை கூடவே வந்தாள்.

"கோவமாடி?"

"நீதானே பேசலை."

"அவர் பேசக் கூடாதுன்னார்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஒயரை வெட்டின அன்னிக்கே எனக்குத் தெரியும். பெருமையாச் சொன்னார். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன்."

மீட்டரக்கா ஒரு செருப்போடு நின்றாள். "அப்ப எதுக்குச் சொல்லாதேன்னு கெஞ்சினே?"

"அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிட்டிருந்தார்."

"நான் நீ சொன்னபடி கேட்டிருந்தா?"

"நீ என்னிக்குடி நான் சொன்னதைக் கேட்டிருக்கே," என்றாள் அக்கா. உள்ளேயிருந்து மாமா அவளைக் கூப்பிட்டார். காபிக்குச் சர்க்கரை எப்போது போட வேண்டும் என்று யாருக்கோ விளக்க, அவருக்கு ஒரு ஸ்பூன் தேவைப்பட்டது. அக்கா போனாள்.